ஆக்டின்: கட்டுவதும் கலைப்பதும்

கேள்வி இது: "ஆக்டின் என்றால் செல்லுக்கு வடிவம் கொடுக்கும் புரதம் என்றுதான் பி.எஸ்சி. பாடத்தில் இருக்கிறது. ஆனால் காது கேளாமை, சிறுநீரகக் கோளாறு, இதயத் தசை நோய், புற்றுநோய் என்று எதைப் படித்தாலும் அந்தப் பெயர் வந்துவிடுகிறது. ஒரே புரதம் எப்படி இத்தனை நோய்களில் சம்பந்தப்படுகிறது? அதைக் குறிவைத்து மருந்து உண்டா?"

பாடத்தில் இருப்பது தவறில்லை. ஆனால் பாதிதான் இருக்கிறது. ஆக்டின் செல்லுக்கு வடிவம் கொடுக்கிறது. கொடுத்த வடிவத்தை அடுத்த நிமிடமே கலைத்து வேறு இடத்தில் கட்டவும் செய்கிறது. கல்யாணப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு இங்கே பிரித்த கம்பும் கீற்றும்தான் நாளைக்கு அடுத்த தெருவில் நிற்கும். இந்தப் பிரிக்கிற பாதியை விட்டுவிட்டால் ஆக்டின் நோய்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பட்டியலாகத்தான் தெரியும். இழை பலவீனப்படுவதால் வரும் நோய்கள் உண்டு. கலைய வேண்டிய இழை கலையாமல் நிற்பதால் வருபவையும் உண்டு, கட்டக்கூடாத நேரத்தில் கட்டுவதால் வருபவையும் உண்டு. என்னைக் கேட்டால் பின்னிரண்டும்தான் ஆக்டினைப் புரிந்துகொள்ளச் சரியான வழி.

புரதத்திலிருந்து தொடங்குவோம். இது முதலில் பிடிபட்டது தசையில். இரண்டாம் உலகப் போர்க்காலம், ஹங்கேரியின் செகெட் நகரம், ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகம். அரைத்த தசையை உப்புக்கரைசலில் இருபது நிமிடம் ஊறவைத்து வடித்தால் மயோசின் என்ற தசைப் புரதத்தின் நீர்த்த கரைசல் கிடைத்தது. அதையே இரவு முழுக்க ஊறவிட்டால் கெட்டியான, கொழகொழவென்ற ஒன்று வந்தது. கெட்டியானதில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யைச் சேர்த்தால் அது இளகிவிடும். அதையே நூலாக இழுத்து ஏ.டி.பி.யில் போட்டால் நூல் சுருங்கும். அந்தக் கெட்டித்தன்மைக்குக் காரணம் மயோசின் அல்ல, தசையிலிருந்து மெதுவாகக் கசிந்து வந்த இன்னொரு புரதம் என்று 1942-இல் காட்டியவர் அங்கே வேலை பார்த்த புரூனோ ஸ்ட்ரௌப். மயோசினைத் தூண்டிவிடுவதால் அதற்கு ஆக்டின் என்று பெயர் வைத்தார்கள். (இதே ஸ்ட்ரௌப் 1988, 89-இல் ஹங்கேரியின் நாட்டுத் தலைவராகவும் இருந்தார்.) தசைக்கு மட்டுமான புரதம் என்று நினைத்தது பிறகு மாறியது. அமீபா, ஈஸ்ட், செடி, நம் தோல் செல், மூளை செல் என்று கருவுள்ள செல் எதை எடுத்தாலும் அதில் ஆக்டின் இருக்கிறது.

ஒரு ஆக்டின் மூலக்கூறில் 375 அமினோ அமிலங்கள். நடுவில் ஒரு பள்ளம், அதில் ஏ.டி.பி. உட்கார்ந்திருக்கும். இப்படித் தனித்தனியாகச் சுற்றும் மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து, 7 நானோமீட்டர் தடிமனுள்ள முறுக்கிய இழையாகின்றன. இழையின் இரு முனைகளும் ஒன்றல்ல. ஒரு முனை வேகமாக வளரும், மற்றது மந்தமானது. தனி ஆக்டின் தாராளமாகக் கிடைத்தால் வேகமுனையில் நொடிக்கு நூறு மூலக்கூறுகள் வரை வந்து ஒட்டும். ஒவ்வொன்றும் இழையை 2.7 நானோமீட்டர் நீட்டும். ஒட்டிய சில நொடிகளில் ஏ.டி.பி. உடைகிறது. உடைந்த ஏ.டி.பி.யைச் சுமக்கும் பழைய பகுதிதான் கலைப்பதற்கு ஏற்றது. கோஃபிலின் என்ற புரதம் அந்தப் பழைய பகுதியைத் தேடிப்போய் உட்கார்ந்து இழையை முறித்துவிடும். அதனால் ஒரு பக்கம் சேர்ந்துகொண்டும் மறுபக்கம் உதிர்ந்துகொண்டும் இழை போய்க்கொண்டே இருக்கிறது. ஏ.டி.பி. இங்கே செலவாவது இழையைக் கட்டுவதற்கு அல்ல. எந்தப் பகுதி பழசு, எதைக் கலைக்கலாம் என்று குறித்துவைப்பதற்குத்தான் அந்தச் செலவு. மாணவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிப்போய்விடுவார்கள்; தாண்டக்கூடாத இடம் இது.

செல்லுக்குள் இருக்கும் ஆக்டினை அப்படியே விட்டால் பெரும்பகுதி இழையாகிவிடும். விடாமல் பிடித்துவைப்பவை தைமோசின் பீட்டா 4, ப்ரோஃபிலின் போன்ற புரதங்கள். எங்கே கட்ட வேண்டும் என்று தொடங்கிவைப்பவை வேறு. ஆர்ப் 2/3 என்ற ஏழு புரதக் கூட்டு, இருக்கும் இழையின் பக்கவாட்டில் உட்கார்ந்து சுமார் 70 டிகிரி கோணத்தில் புதிய கிளையைத் தொடங்கும். ஃபார்மின் குடும்பம் கிளையில்லாத நீண்ட இழையைத் தரும். இவர்களுக்கெல்லாம் மேலே உத்தரவு போடுபவை ரோ, ராக், சி.டி.சி. 42 என்ற சிறிய சுவிட்ச் புரதங்கள். 1992-இல் லண்டனில் ஆன் ரிட்லியும் ஆலன் ஹாலும் ஒரு வேலை செய்தார்கள். பட்டினி போட்ட எலி நார்ச்செல்களுக்குள் நுண்ணூசியால் ரோ புரதத்தைச் செலுத்தினார்கள். செல் முழுக்க விறைப்பான கற்றைகள் தோன்றின. ராக் புரதத்தைச் செலுத்தினார்கள். செல்லின் ஓரம் அலையலையாக மடிந்து எழுந்தது. செல்லின் நடத்தையே ஒரு ஊசியில் மாறியது. அந்தப் படங்களை இன்றைக்கும் வகுப்பில் காட்டுகிறோம்.

நீங்களே பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கண்ணாடித்தகட்டில் வளர்ந்த செல்களை ஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்தி, சவ்வில் துளையிட்டு, ஆக்டின் இழையைப் பிடித்துக்கொள்ளும் ஃபாலாய்டின் என்ற பொருளில் ஒளிரும் சாயம் ஒட்டி, அதில் அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவி, நுண்ணோக்கியில் வைத்தால் போதும். செல்லின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நேர்கோடுகளாகக் கற்றைகள் ஓடும். முன்னேறும் பக்கத்தில் மட்டும் ஒரு மைக்ரானோ இரண்டோ அகலமுள்ள பிரகாசமான விளிம்பு தெரியும். அதிலிருந்து மெல்லிய விரல்கள் நீண்டிருக்கும். நகரும் செல்லில் அந்த விளிம்பில் உள்ள இழைகள் பெரும்பாலும் சில நிமிடங்களுக்கு முன் இருந்திருக்காது.

ஃபாலாய்டின் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அமானிட்டா ஃபாலாய்டிஸ் என்ற கொடிய விஷக்காளானில் இருந்து, 1930களில் ஜெர்மனியில் பிரித்தெடுத்தது. அது ஆக்டின் இழையை உடைப்பதில்லை; நேர்மாறாக, மூலக்கூறுகளை ஒன்றோடொன்று இறுக்கி, கலைய முடியாதபடி பூட்டிவிடுகிறது. விலங்கின் உடலில் ஊசியாகச் செலுத்தினால் கல்லீரல் அழிந்து உயிர் போகும். (காளானைத் தின்று இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் அதிலுள்ள இன்னொரு நஞ்சு, அமானிட்டின், ஃபாலாய்டின் குடலில் அவ்வளவாக உறிஞ்சப்படுவதில்லை.) இழையை உறுதிப்படுத்துவதே உயிரை எடுக்கும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

சரி, நோய்களுக்கு வருவோம். கிருமிகளில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஆக்டின் எப்படித் தள்ளுகிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்ததே ஒரு கிருமிதான். லிஸ்டீரியா பதப்படுத்தாத பாலிலும் அதில் செய்த பாலாடைக்கட்டியிலும் வரும், கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. அது செல்லுக்குள் புகுந்ததும் தன் ஒரு முனையில் ஆக்ட்-ஏ என்ற புரதத்தைக் காட்டி ஆர்ப் 2/3-ஐத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. பின்னால் ஆக்டின் கிளைகள் முளைத்துத் தள்ள, பாக்டீரியா முன்னால் போகிறது; அது போன பாதையில் ஆக்டின் வால் நீள்கிறது. வேகத்தோடு செல்லின் சவ்வில் மோதி, பக்கத்துச் செல்லுக்குள் ஒரு நீட்சியாகக் குத்தி, அங்கே போய்விடுகிறது. 1989-இல் லூயிஸ் டில்னியும் டேனியல் போர்ட்னாயும் இதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிப்படியாகக் காட்டினார்கள். ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு வெளியே வராமலே போவதால், இரத்தத்தில் சுற்றும் எதிர்ப்பொருள்களின் கண்ணில் படுவதில்லை. வயிற்றுக்கடுப்பு தரும் ஷிகெல்லாவும் இதே தந்திரத்தை வேறொரு புரதத்தைக் கொண்டு செய்கிறது. மழைக்குப் பிறகு வயல் சேற்றிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் நோய் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருக்கிறது. அதன் கிருமியும் ஆக்டின் வால் கட்டித்தான் செல் விட்டுச் செல் பாய்கிறது.

1999-இல் பிரான்ஸில் மரி-பிரான்ஸ் கார்லியேயின் குழு செல்லையே ஒதுக்கிவைத்துவிட்டு, சுத்தமாகப் பிரித்த புரதங்களை மட்டும் ஒரு துளியில் கலந்து அதில் லிஸ்டீரியாவை ஓடவைத்தது. என்னென்ன தேவைப்பட்டன என்று பாருங்கள்: ஆக்டின், ஆர்ப் 2/3, வளர்ந்த முனைகளை மூடும் ஒரு புரதம், அப்புறம் கோஃபிலின். கட்டும் புரதங்கள் மட்டும் இருந்தால் போதவில்லை. கலைக்கும் கோஃபிலின் இல்லாவிட்டால் பழைய வாலிலேயே ஆக்டின் எல்லாம் முடங்கிப்போகும். முன்னால் கட்டக் கையிருப்பு இருக்காது. நகர்தலுக்குக் கலைத்தல் எவ்வளவு அவசியம் என்பதை இந்தச் சோதனை மாதிரி வேறு எதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை.

இதே ஆர்ப் 2/3-ஐ நம் இரத்த அணுக்களில் எழுப்பிவிடும் புரதம் வாஸ்ப். அது இல்லாமல் பிறக்கும் ஆண் குழந்தைகளுக்கு வரும் நோய் விஸ்காட்–ஆல்ட்ரிச் நோய்த்தொகுப்பு. 1937-இல் ஜெர்மன் குழந்தை மருத்துவர் ஆல்ஃப்ரெட் விஸ்காட் மூன்று சகோதரர்களைப் பற்றி எழுதினார்: மூவருக்கும் இரத்தக்கசிவு, தோலில் கரப்பான், திரும்பத் திரும்ப வரும் காதுத் தொற்று. அவர்களுடைய சகோதரிகளுக்கு ஒன்றும் இல்லை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு 1994-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையில் இவர்களின் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதோடு அளவிலும் சின்னதாக இருக்கும். மற்ற தட்டணுக் குறைபாடுகளிலிருந்து இதைப் பிரித்துக்காட்டும் முக்கியமான அடையாளம் அது. வெள்ளை அணு ஊர்ந்துபோய்க் கிருமியைப் பிடிப்பதும், டி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணு வேறொரு செல்லோடு ஒட்டி நின்று செய்தி வாங்குவதும் ஆக்டினால் நடக்கும் வேலைகள். அதனால்தான் எதிர்ப்பு சக்தியும் போகிறது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் பல குழந்தைகள் பிழைக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் 'ஆக்டின் குறைந்தால் நோய்' என்ற எண்ணம்தான் வரும். 2001-இல் அதே வாஸ்ப் மரபணுவில் வேறொரு மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டது. இதில் வாஸ்ப் காணாமல் போகவில்லை. தன்னைத் தானே அடக்கி வைத்துக்கொள்ளும் பிடி தளர்ந்து, எப்போதும் விழித்தே இருந்தது. கட்டக்கூடாத நேரத்திலும் ஆக்டின் கட்டிக்கொண்டே போகும். விளைவு தட்டணுக் குறைவு அல்ல, நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு கடுமையாகக் குறையும் வேறொரு நோய். ஒரே மரபணுதான். அணைந்தால் ஒரு நோய், அணையாவிட்டால் இன்னொரு நோய்.

சிறுநீரகமும் இதையே சொல்கிறது. சிறுநீரக வடிகட்டியில் போடோசைட் என்ற செல் இரத்தக்குழாயைச் சுற்றி நூற்றுக்கணக்கான சின்னப் பாதங்களை நீட்டி, பக்கத்துச் செல்லின் பாதங்களோடு பின்னிக்கொண்டு நிற்கும். அந்தப் பாதங்களுக்குள் நிறைந்திருப்பது ஆக்டின். பாதங்கள் சுருங்கி ஒட்டித் தட்டையாகிவிட்டால் இரத்தப்புரதம் சிறுநீரில் கொட்டும். நோயாளி முதலில் கவனிப்பது சிறுநீர் நுரைப்பதும் காலையில் கண் இமை வீங்கியிருப்பதும்தான். 2000-இல், குடும்பவழியாக வரும் இத்தகைய நோயொன்றுக்குக் காரணம் ஆல்ஃபா ஆக்டினின் 4 என்று தெரியவந்தது. ஆக்டின் இழைகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் புரதம் அது. மரபணு மாற்றத்தால் அதன் பிடி தளர்ந்திருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் ஆக்டினை அது முன்பைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. நாள்முழுக்க இரத்த அழுத்தத்தோடு சேர்ந்து வளைந்து நிமிர வேண்டிய பாதம், விறைத்துப்போனதால் கெட்டது. 2010-இல் இதே வகை சிறுநீரக நோய்க்கு இன்னொரு காரணமாக ஐ.என்.எஃப். 2 என்ற ஃபார்மினும் பிடிபட்டது.

தசையில் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஆக்டின் இழைகள் அளவெடுத்து வெட்டியது போல் ஒரே நீளத்தில், வரிசையாக, நீண்ட காலம் நிற்பவை. மயோசின் அவற்றைப் பிடித்து இழுக்கும்போதுதான் தசை சுருங்குகிறது. அந்த இழுவிசையைத் தசைச்செல்லின் சவ்வு தாங்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆக்டினையும் வெளியே இருக்கும் திசுவையும் சவ்வு வழியாகப் பிணைத்து வைப்பது டிஸ்ட்ரோஃபின். அது இல்லாமல் பிறப்பதுதான் டுஷென் தசைச்சிதைவு நோய். ஆண் குழந்தைகளில் 3,500 முதல் 5,000 பேருக்கு ஒருவரை பாதிக்கிறது. மூன்று நான்கு வயதில் பிள்ளை அடிக்கடி விழுவான், படியேறத் தடுமாறுவான். தரையில் உட்கார்ந்தவனை எழுந்திருக்கச் சொன்னால், குப்புறத் திரும்பி, கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, பிறகு கைகளைத் தன் முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி வைத்து ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் தசை மட்டும் பார்க்கப் பருத்திருக்கும். 'நல்ல சதைப்பிடிப்பான பிள்ளை' என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். இப்படி எழுந்திருக்கும் ஆண் குழந்தையைப் பார்த்தால், தசை சிதைந்தால் இரத்தத்தில் ஏறும் சி.பி.கே. என்ற நொதியின் அளவைப் பார்க்க மருத்துவரிடம் உடனே அழைத்துப்போகச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு மருந்து சரியான வயதில் தொடங்கினால் நடக்கும் காலம் நீளும். அடுத்த குழந்தைக்கு முன் தாய்க்கு மரபணு ஆலோசனையும் கிடைக்கும்.

இதயத் தசையிலும் ஆக்டினில் மாற்றம் வந்தால் இதயம் உப்பலாம், அல்லது சுவர் தடிக்கலாம். இரண்டு வகையும் 1998, 1999-இல் ஒரே இதய ஆக்டின் மரபணுவில் அடுத்தடுத்துக் கண்டுபிடிக்கப்பட்டன. நம் பக்கத்துக்கு முக்கியமானது இன்னொரு மரபணு. மயோசினோடு சேர்ந்து ஆக்டினையும் தொடும் மயோசின் பிணைப்புப் புரதம்-சி என்பதன் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருப்பதாக 2009-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை, வந்தாலும் பெரும்பாலும் நடுவயதுக்கு மேல்தான். ஆனாலும் நாலு சதவீதம் என்பது ஒரு மரபணு மாற்றத்துக்கு மிகப் பெரிய அளவு. குடும்பத்தில் இளம் வயதில் திடீர் மரணமோ இதயத் தசை நோயோ இருந்தால் ஒரு எக்கோ எடுத்துப் பார்ப்பது நியாயமானது.

நெஞ்சுவலி என்று அவசரப் பிரிவுக்குப் போனால் எடுக்கும் ட்ரோபோனின் பரிசோதனையும் இதே இடத்திலிருந்து வருவதுதான். ட்ரோபோனின் ஆக்டின் இழைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கூட்டு. கால்சியம் வந்தால் மயோசினுக்கு வழிவிடும், போனால் மறிக்கும். 1960களில் டோக்கியோவில் செட்சுரோ எபாஷி கண்டுபிடித்தது. இதயத் தசைச்செல் செத்தால் அது கசிந்து இரத்தத்துக்கு வரும், சில நாள் இருக்கும். அடிப்படை ஆய்வாகத் தொடங்கிய ஒன்று இன்றைக்கு மாவட்ட மருத்துவமனை வரைக்கும் வந்திருக்கிறது என்பது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் விஷயம். கல்லீரல் நோயாளிகளுக்கு எடுக்கும் ஏ.எஸ்.எம்.ஏ. (மென்தசைக்கு எதிரான எதிர்ப்பொருள்) என்ற பரிசோதனையும் அப்படித்தான்: ஒருவகைத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியில் உடல் உண்டாக்கும் அந்த எதிர்ப்பொருள்களின் முக்கியமான இலக்கு ஆக்டின் இழை.

இரத்தக்குழாய்ச் சுவரின் மென்தசைக்குத் தனி ஆக்டின் மரபணு இருக்கிறது, பெயர் ஆக்டா 2. நெஞ்சுப்பகுதி மகாதமனி குடும்பவழியாக வீங்கிக் கிழியும் நோயில் பத்துக் குடும்பங்களில் ஒன்றுக்கும் மேல் இதுதான் காரணம் என்று 2007 முதல் தெரியும். ஒரு குறிப்பிட்ட மாற்றத்தோடு பிறக்கும் குழந்தைகளின் கண்மணியில் டார்ச் அடித்தாலும் அது சுருங்காது, விரிந்தபடியே நிற்கும். கண்மணியைச் சுருக்குவதும் மென்தசைதான் என்பதால், கண்ணைப் பார்த்தே மகாதமனியைச் சந்தேகிக்கலாம்.

காதில் இருப்பது எல்லாவற்றிலும் விசித்திரமான ஆக்டின். உள்காதின் மயிர்ச்செல்களின் உச்சியில் படிக்கட்டு வரிசையில் நிற்கும் நுண்மயிர்கள் முழுக்க முழுக்க ஆக்டின் கற்றைகள். ஒலி வந்தால் இவை சாய்வதால்தான் நமக்குக் கேட்கிறது. இந்த மயிர்ச்செல்கள் நமக்கு மறுபடி முளைப்பதில்லை. அதனால் கற்றையும் வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டும். இங்கே ஆக்டின் ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது, நுனியில் மட்டும்தான் கொஞ்சம் புதுப்பித்துக்கொள்கிறது. நான் மேலே சொன்ன 'கலைந்துகொண்டே இருக்கும்' என்பதற்கு இது உண்மையான விதிவிலக்கு. கோஸ்டா ரிகா நாட்டின் கார்டகோ பகுதியில் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகப் பத்து வயதையொட்டிக் காது மந்தமாகத் தொடங்கி முப்பது வயதுக்குள் முழுவதும் போய்க்கொண்டிருந்தது. 1997-இல் காரணம் கண்டுபிடித்தபோது அது ஒரு ஃபார்மின் மரபணு. அந்த ஃபார்மினின் அடக்கும் பகுதி சிதைந்து, அது அளவுக்கு மீறி வேலை செய்ததுதான் கோளாறு என்று பின்வந்த ஆய்வுகள் காட்டுகின்றன. காம்மா ஆக்டினில் வரும் மாற்றங்களும் இதேபோல் பிறந்து சில ஆண்டுகள் கழித்துத் தொடங்கும் காது கேளாமையைத் தருகின்றன.

சிவப்பணுவைப் பற்றிச் சுருக்கமாக. அதன் சவ்வுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் வலை இருக்கிறது. அந்த வலையின் முடிச்சு ஒவ்வொன்றிலும் பதினைந்து மூலக்கூறு அளவே உள்ள குட்டி ஆக்டின் இழை. அந்த வலையோ, அதைச் சவ்வோடு பிணைக்கும் புரதமோ பழுதானால் அணு உருண்டையாகி, மண்ணீரலின் குறுகிய பிளவில் நுழைய முடியாமல் தன் வழக்கமான 120 நாள் ஆயுளுக்கு முன்பே அழியும். மஞ்சள் காமாலையும் இரத்தசோகையும் சேர்ந்து வரும் பிள்ளைகளில் இதையும் பார்க்க வேண்டும்.

புற்றுநோய்க்கு வருவோம். பொதுவாக ஆக்டின் மரபணு கெட்டுப் புற்றுநோய் வருவதில்லை. கெடுவது உத்தரவு போடும் இடம். தோலின் மெலனோமாவில் ராக் புரதத்தின் ஒரு குறிப்பிட்ட எழுத்து மாறி, அது அணையாமல் எரிவது 2012-இல் தெரிந்தது. பரவி வளரும் வகை இரைப்பைப் புற்றுநோயில் ரோ புரதத்தில் மாற்றங்கள் 2014-இல் தெரிந்தன. கட்டி பெரும்பாலும் ஆளைக் கொல்வது இருந்த இடத்தில் இருந்து அல்ல, வேறு உறுப்புக்குப் போய். போவதற்குச் செல் தன் பக்கத்துச் செல்லின் பிடியை விட வேண்டும், அடியிலிருக்கும் சவ்வை அரித்துத் துளைக்க வேண்டும், ஊர வேண்டும், தன்னைவிடக் குறுகலான இடத்தில் உடலை நெளித்து நுழைய வேண்டும். ஒவ்வொன்றும் ஆக்டின் வேலை. துளைக்கும் இடத்தில் ஆக்டின் நிறைந்த கூர்மையான காலை நீட்டி, அதன் நுனியில் திசுவைக் கரைக்கும் நொதிகளைக் கொட்டுகிறது. இதில் எதுவும் புற்றுநோய்ச் செல்லின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. கருவில் நரம்புச்செல்கள் இடம்பெயர்வதும், காயத்தை மூடத் தோல்செல்கள் ஊர்வதும் பெரும்பாலும் இதே கருவிகளைக் கொண்டுதான்.

அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஆக்டினையே நேராகத் தாக்கும் பொருள்களுக்குப் பஞ்சமில்லை. பூஞ்சையிலிருந்து சைட்டோகலாசின், செங்கடல் பஞ்சுயிரியிலிருந்து லாட்ரங்குலின், காளானிலிருந்து ஃபாலாய்டின் என்று ஆய்வகத்தில் தினம் பயன்படுத்துகிறோம். ஆனால் நோயாளிக்கு ஒன்றையும் கொடுக்க முடியாது. மனிதனிடம் ஆறு ஆக்டின் மரபணுக்கள். எலும்புத்தசை ஆக்டினுக்கும் சாதாரணச் செல்லின் ஆக்டினுக்கும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பீட்டாவுக்கும் காம்மாவுக்கும் நான்கே அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். கட்டியின் ஆக்டினைக் கலைக்கும் மருந்து இதயத்தையும் விட்டுவைக்காது.

அதனால் மருந்து செய்பவர்கள் ஆக்டினை விட்டுவிட்டு, அதை இயக்குபவர்களைப் பிடித்தார்கள். இதயச் சுவர் தடித்து இரத்தம் வெளியேறத் தடையாகும் நோய்க்கு 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென், மயோசின் ஆக்டினைப் பிடிக்கும் வேகத்தைக் குறைக்கிறது. அளவு மிஞ்சினால் இதயமே தளர்ந்துவிடும் என்பதால் எக்கோ எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ரோ புரதத்தின் கையாளான ரோ கைனேஸை அடக்கும் ஃபாசுடில், மூளை இரத்தக்கசிவுக்குப் பின் குழாய்கள் இறுகாமலிருக்க 1995 முதல் ஜப்பானில் பயன்படுகிறது. கண் அழுத்த நோய்க்கு அதே வழியில் ஜப்பானில் 2014-இல் ரிபாசுடில், அமெரிக்காவில் 2017-இல் நெடார்சுடில் சொட்டு மருந்துகள் வந்தன. கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் சல்லடைத் திசுவின் செல்களில் ஆக்டின் கற்றைகள் இறுகினால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். மருந்து அந்தக் கற்றைகளைத் தளர்த்துகிறது, நீர் வடிகிறது. நெடார்சுடில் போட்டுக்கொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கண் சிவக்கும். வெள்ளைவிழியின் மேலுள்ள இரத்தக்குழாய்களின் மென்தசையும் அதே மருந்தால் தளர்ந்துவிடுவதால் வருவது அது. பெரும்பாலும் லேசானதுதான், ஆனாலும் இந்தச் சொட்டு எழுதிக்கொடுக்கும் மருத்துவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் நோயாளி பயந்துபோய் நிறுத்திவிடுவார், அழுத்தம் மறுபடி ஏறும்.